பதினொரு நிமிடம்

நாட்டுக்காக நான் ஆடியது
மொத்தம் பதினொரு நிமிடம்.
மணிலாவில், எழுபத்தொன்பதாவது நிமிடம் இறக்கினார்கள்.
விசில் ஊதியபோதும் என் காலுறை வெள்ளையாகவே இருந்தது.

என்னைத் தொடர்ந்து மறித்த ஆறாம் எண்காரன்
அவர்கள் தரைப்படையில் கார்ப்பரலாம்.
சட்டை மாற்றும்போது
அவன் கை நெற்றிக்குப் போனது,
என் கையும்.
தொப்பியில்லாமல் சல்யூட் வைக்கக் கூடாது.
சுபேதார் பார்க்கவில்லை.

அப்புறம் பனியில் காவல்.
முழங்கால் போனது அங்கேதான்,
பந்தால் அல்ல,
மண்ணெண்ணெய் டின் சுமந்து.

ஆவணி பிறந்துதான்
கடைமடைக்குத் தண்ணீர் வந்தது இந்த வருடம்,
என் லீவும்.
அதிராம்பட்டினத்தில் எழுவர் ஆட்டம்.
மைக்கில் என் பெயரை
மீன் ஏலம் விடுகிற குரலில் கூவினான் ஒருவன்:
"இந்திய வீரர் ஜபருல்லா!"
"பந்தா, பட்டாளமா?" என்றது கூட்டம்.
நான் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

உப்பளத்துப் பக்கக் கோல் கம்பத்தருகே
ஆறாம் எண் சட்டை முட்டிக்குக் கீழே தொங்க
என் மகன்,
கையில் அவன் மாமாவின் கடிகாரம்.
நொண்டி நொண்டி ஒரு பந்தைத் துரத்துகையில்
கத்தினான்:
"வாப்பா, பன்னிரண்டு!"