ஒன்று, மூன்று, நாலு, இரண்டு

சீட்டுப் பணத்துக்குப் பதிலாக வந்தது வண்டி.
சீட்டு நடத்திய ஏகவல்லி
எண்பதாயிரத்தை ஏப்பம் விட்டு
சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
ஸ்டாண்டர்டு கெசல். கரும்பச்சை.
செய்த கம்பெனியை இழுத்து மூடியபோது
நான் மூன்றாம் வகுப்பு.

செல்ஃப் எடுக்கும். சிணுங்கும். பற்றாது.
காகிதப்பட்டறை மெக்கானிக் நவநீதம்
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி
வெயிலுக்குத் திருப்பிக் காட்டினார்.
உள்ளே முடியளவு ஒரு கரிக்கோடு.
"கரன்ட் இப்பிடியே பூடுது சிஸ்டர்.
பிளக்குக்கு வந்து சேர்ல."
நர்ஸ் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன் என்று
சொல்லிப் பயனில்லை.
கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கினால்
இந்த ஊரில் எல்லாரும் சிஸ்டர்தான்.

ஆபீசர்ஸ் லைனில் சிரித்தார்கள்.
மண்டித் தெருவில்
"அம்பாசடருது கீது, போட்டுப் பாக்கறியா?"
ராணிப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில்
ரேடியேட்டர் மூடிகள், தையல் மெஷின் தலை,
யாரோ பெயர் பொறித்துக் கொடுத்த எவர்சில்வர் தூக்கு.
ஆற்காட்டுக்காரர் நாளைக்கு வா என்றார்.
நாளைக்கு அவர் கடையே திறக்கவில்லை.

நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
மரமில்லாத மலை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
(பெண்களைப் பற்றியும் அதில் ஒன்று.
அதை நான் சொல்வதில்லை.)
கம்பெனி இல்லாத காரையும்
கடைசியில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கைவிரித்த எல்லாரும்
ஒன்று சொன்னார்கள்:
"இந்த வண்டின்னா மேல்விஷாரம் முஷ்தாக்தான்."
நாலாவது கடையில் எண் கிடைத்தது.

"கெசல் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்" என்று தொடங்கினேன்.
மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.
"வேலூர் சிஸ்டரா?
நாலு மாசமா உங்க நம்பரைத் தேடறேன்!
எந்தக் கடைக்குப் போனாலும் உங்களைத்தான் சொல்றாங்க.
எனக்கு ரோட்டர் எரிஞ்சு போச்சு.
எத்தன பீஸ் வெச்சிருக்கீங்க?"

கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.
கேட்டுக் கேட்டே
கையிருப்புக்காரர்கள் ஆகியிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, சாம்பிள் டப்பாவில்
பஞ்சு வைத்து, அதன்மேல் என் ரோட்டரை வைத்து
ஆற்காடு பஸ் ஏறினேன்.
அவர் தோல் ஷெட்டில் கணக்கு எழுதுகிறவர்.
வண்டி வெளிர்நீலம். மூடி முழுசு.
தேநீர் கொண்டுவந்த ஜமீலா எட்டிப் பார்த்து
"ரெண்டு பேரு, ஒரே கிட்னி" என்றாள்,
என் வேலை தெரியாமல்.
நான் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தேன்.

பாயிண்டுக்கு விசிட்டிங் கார்டு கனம் இடைவெளி.
வயர்களை அவர் ஒழுங்காக,
கணக்கர் அல்லவா,
ஒன்று இரண்டு மூன்று நாலு என்று செருகினார்.
சைலன்ஸர் வெடித்து
தெருப் புறாக்கள் மொத்தமும் எழுந்தன.
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு, என்றேன் நான்.
நவநீதம் அதை என் உள்ளங்கையில்
பால்பாயின்டில் எழுதி அனுப்பியிருந்தார்.
வியர்வையில் நாலு பாதி அழிந்திருந்தது.

பற்றிக்கொண்டது.
முதலில் ஒரு இருமல், பிறகு நீளமாக.
ஜமீலா தம்ளரை வைத்துவிட்டு
பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது மூடியும் ரோட்டரும் ஒரே டப்பாவில்
பஸ்ஸில் போய் வருகின்றன.
அவருக்கு வெள்ளி, சனி.
எனக்கு நைட் டூட்டி நாட்கள்.
கண்டக்டர் ஒருமுறை குலுக்கிப் பார்த்து
"அவசர டெஸ்டா மேடம்?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பச்சையும் நீலமும் ஒரே நேரத்தில்
இதுவரை சாலையில் ஓடியதில்லை.

நேற்று குடியாத்தத்திலிருந்து ஒரு போன்.
"சிஸ்டர், கெசலுக்கு கண்டென்சர்
உங்ககிட்ட இருக்குன்னாங்க..."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
"உங்க வண்டியில
எது நல்லா இருக்கு?" என்று கேட்டேன்.