நாற்பத்து நான்காவது பக்கம்

பொங்கலுக்கு அறை வாடகையில் பத்து சதவீதம் தள்ளுபடி.
ஒரே ஒரு வரிதான்.
அதை நாற்பத்து மூன்று பக்கங்களில்
நாற்பத்து மூன்று முறை ஒட்டினேன்.
அழகாபுரம் ஆபீசில் இரவு பதினொன்றரை.
வாட்ச்மேன் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.
இருபதாவது பக்கத்தில் ஒரு புள்ளி உதிர்ந்து
தள்ளுபடி 'தளளுபடி' ஆகியிருந்ததை
ஏற்காட்டிலிருந்து எஸ்டேட்காரர்
விடிந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டுச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஹஸ்தம்பட்டியில்
தட்டுவடை செட்டுக்காக நிற்கும்போதுதான் கவனித்தேன்.
அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு.
நடுவில் பீட்ரூட், கேரட், காரச் சட்னி,
இல்லை வெறும் வெங்காயம்,
இல்லை எனக்கு முன்னால் நின்ற பையன் கேட்ட மாங்காய்.
உள்ளே என்ன வரப்போகிறது என்று
வண்டிக்காரத் தைலம்மை யோசிப்பதே இல்லை.
திறக்க ஒன்று, மூட ஒன்று.
மூட மறந்தால்தான் சட்டையில் வழியும்.

அடுத்த வாரம் முழுக்க டேக் எழுதினேன்.
'அறைச்சீட்டு': பெயர், வாடகை, எத்தனை பேர்.
'மேல்பட்டை'.
'அடிப்பட்டை', அதற்குள் தொலைபேசி எண்.
அறுநூறு வரிப் பக்கம் முப்பது வரிக்கு மெலிந்தது.
சர்வர் அதை மறுபடி விரித்து அனுப்புகையில்
பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.
தெரியக்கூடாது என்பதுதானே வேலை.

வாடகை குறிக்காத ஓர் அறை மட்டும்
திரையில் 'நல் ரூபாய்' என்று வந்து நின்றது.
நிரலில் நல் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம், சார்.
'நல்லாத்தானே இருக்கு, விட்டுருங்க' என்றார் எஸ்டேட்காரர்.

சனிக்கிழமை பஸ்ஸில் மேலே போனேன்.
அதே பலகை, அதே வளைந்த அம்பு,
1/20, 2/20, 3/20 என்று எண் மட்டும் வேறு.
நெடுஞ்சாலைத் துறையில் யாரோ
எனக்கு முன்பே இதை எழுதி முடித்திருக்கிறார்.
ஆனாலும் பலகைதான் ஒன்று,
பள்ளம் அந்தந்த இடத்துக்குத் தனி.
பதினொன்றில் திணறிய பஸ்
பன்னிரண்டில் திணறவில்லை.
அதற்கெல்லாம் ஆட்ரிபியூட் வைக்க முடியாது.

மார்ச்சில் ஓசூரிலிருந்து ஜெசிந்தா கூப்பிட்டாள்,
எனக்கு முன் இதே நாற்காலியில் இருந்தவள்.
'எஸ்டேட்டுக்கு வழி கேட்டு
இன்னிக்கும் ரெண்டு பேர் பேசினாங்க.'
தேடினேன். கிளியூர் அருவிக்கு நடக்கும் பாதை பற்றி
நாற்பத்து நான்காவதாக ஒரு பக்கம்.
எந்த மெனுவிலும் இல்லை,
கூகுளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.
சோதனைக்கென்று அவள் போட்ட சொந்த எண்
அடியில் அப்படியே இருந்தது.
எவ்வளவு நாளா?
'ஒரு வருஷம் இருக்கும்.'
சொல்லியிருக்கலாமே.
'அடிவாரத்துலயே பெட்ரோல் போட்டுக்கங்க,
பதினாலாவது வளைவுல நிறுத்தாதீங்க, குரங்கு பையைப் புடுங்கிரும்னு
சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு.'
பின்னால் ஓசூர் லாரிகள் ஹாரன் அடித்தன.

அந்தப் பக்கத்திலும் அடிப்பட்டையைப் போட்டேன்.
எண் மாறியது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மேல்பட்டையில் தேதி காட்டும் துண்டு
நான் எழுதியதல்ல, அவளுடையது.
பழைய பக்கத்திலிருந்து அப்படியே தூக்கி
டேகுக்குள் வைத்திருந்தேன்.
தலையில் அவள் குறிப்பு:
'இது ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியல. தொட வேணாம்.'
இப்போது அது நாற்பத்து நான்கிலும் ஓடுகிறது.
குறிப்பு மட்டும் சர்வரைத் தாண்டி
வெளியே வருவதில்லை.

நானும் தொடவில்லை.