ஆறு சில்லு

வத்தளையில் இறால் கம்பெனி ஒன்று மூடின ஏலத்தில்
ஐஸ் பெட்டிகளுக்கும் துருப்பிடித்த தராசுக்கும் பிறகு
லொட் இலக்கம் பத்தொன்பது.
குளியல் தொட்டிக்கு யாரோ
பக்கத்துக்கு மூன்றாய்ச் சில்லுப் பூட்டிவிட்ட மாதிரி.
உள்ளே போன மாத மழை,
மழைக்குள் வாற்பேத்தைகள்.
ஏலக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டார்.
மூன்றாம் தரத்துக்கு முதல் ஒரு கை எழும்பியது.
அது என் கைதான் என்று தெரிய
எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது.

"விசரோ உனக்கு?" டொரொண்டோவிலிருந்து தம்பி.
வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி,
ஸ்கூட்டி விடவே இடமில்லை,
ஐம்பத்திரண்டு வயது, கணக்குப் பகுதியில் வேலை,
நீந்தவும் தெரியாது.
எல்லாம் சரி என்றேன்.
கூட்டல் சரி, விடைதான் வேறு.

கொலன்னாவையில் ஜுனைதீனின் கராஜ்.
சுற்றிச் சுற்றி வந்து கேட்டார்:
"ஸ்டியரிங் எங்க மிஸ்?"
ஸ்டியரிங் இல்லை. இரண்டு தடி.
இடப்பக்கத் தடியை இழுத்தால்
இடப்பக்கச் சில்லு மூன்றும் நின்றுவிடும்,
வலப்பக்கம் ஓடிக்கொண்டேயிருக்கும்.
அப்படித்தான் திரும்பும்,
பாதி மறுக்க, பாதி போக.
"அப்ப எங்கட வீடு மாதிரி" என்றார்.

பஞ்சிகாவத்தையில் ஒன்பது சனிக்கிழமை.
செயின், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து.
காபரேட்டர், புல்வெட்டும் மெஷினிலிருந்து.
பெயாரிங் பன்னிரண்டு வேணும்;
பதினொன்று முதல் நாளே கிடைத்தது,
பன்னிரண்டாவதுக்கு ஏழு வாரம்.
நீர்கொழும்பில் வள்ளம் கட்டும் லயனல்
பஸ்ஸில் வந்து, நகத்தால் தட்டித் தட்டி
வெடிப்புகளைக் காதால் கண்டுபிடித்தார்.
பைபர்கிளாஸ் மணம் என் சேலையில், சோற்றில்,
மாத முடிவுக் கணக்கில்.
மஞ்சள் பெயின்றைச் சுரண்டச் சுரண்ட
அடியில் செம்மஞ்சள், அதற்கும் அடியில்
யாரோ ஆணியால் கீறிய இரண்டெழுத்து.
அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னேன்.

முதல்முறை எஞ்சின் பிடித்தபோது
ஒழுங்கையின் பூனையெல்லாம் கூரைக்கு ஏறின.
லயனல் காதைப் பொத்தவில்லை. கண்ணை மூடினார்.

நாரஹேன்பிட்டியில் படிவம்.
வாகனமா, படகா?
இரண்டும், என்றேன்.
இரண்டுக்குமாய்ப் பெட்டி இல்லை,
ஒன்றில் புள்ளடி போடுங்கள், என்றார் உத்தியோகத்தர்.
இந்த ஊரில் நான் நிரப்பின படிவங்கள் அதிகம்.
பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு,
படிவத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு
தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

பொல்கொட வாவி, காலை ஆறரை.
லொறியிலிருந்து பலகை வழியே இறங்கி
புல்லில் உருண்டு, சேற்றைப் பற்றி
ஒரு அபிப்பிராயமும் இல்லாமல்
தண்ணீருக்குள் போனது.
மிதந்தது.
சில்லுகளே துடுப்பு. நடைபழகும் பிள்ளையின் வேகம்.
சாரத்தை மடித்துக்கட்டி ஜுனைதீன் பக்கத்தில்,
பத்து நிமிஷம் ஒரு கதையும் இல்லை.
பிறகு என் செருப்பு மிதந்தது.

தக்கை.
அடியில், தண்ணீர் வடிகிற ஓட்டைக்குப் பூட்டும்
பித்தளைத் தக்கை.
தொலையக்கூடாது என்று மூன்று மாதமாய்
நான் பத்திரப்படுத்தியது.
கைப்பையில் இருந்தது,
பனடோலுக்கும் வீட்டுத் திறப்புக்கும் நடுவில்,
போன கிழமை அந்தப் படிவத்தில் சுற்றினபடி.

முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு
காணாத புரியை விரலால் தேடினேன்.
மூன்றாம் தரம் பிடித்தது.
ஜுனைதீன் பெயின்ற் வாளியால் இறைத்தார்.
எஞ்சின் இருமி நின்றது.

அந்த அமைதியில் ஒரு கபரகொய்யா,
தலை மட்டும் மேலே,
எங்களைப் பார்க்காமல் எங்களைத் தாண்டிப் போய்
அக்கரையில் ஏறி, நடக்கத் தொடங்கியது.
"அதுக்கு எத்தனை பெயாரிங் மிஸ்?"
நான் ஸ்டார்ட் கயிற்றை இழுத்தேன்.
பிறகு இன்னொரு தரம்.