ஐந்தாம் கூடம், கடைசி வரிசை

போஸ்னானில் மழை.
டிராமில் என் மடியில் மானிட்டர்,
துவாலை சுற்றி, கைக்குழந்தையைப் போல.
இல்லை, குழந்தையைப் போல இல்லை.
எட்டுத் தவணை பாக்கியுள்ள
மானிட்டரைப் போல.

கழிப்பறைக்குப் போகும் வழியில்
எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பிளக்.
பிளக்கில் பாதி பக்கத்து மேசை ஓல்கியெர்டுக்கு.
தேனீக்களைப் பற்றி விளையாட்டு செய்திருக்கிறான்.
"ஆறு வருஷம்" என்றான்.
"எனக்கு நாலு" என்றேன்.
சிறையில் புதிதாய் வந்தவர்கள்
விசாரித்துக்கொள்வதுபோல் இருந்தது.

என் விளையாட்டில் ஒரு கால்வாய்,
இரண்டு கதவுகள், ஒரு மதகுக்காரி.
படகை உள்ளே விட்டுப் பின்கதவை மூடி
நீரை ஏற்றி முன்கதவைத் திறக்கவேண்டும்.
சுடுவதற்கு யாருமில்லை.
"அப்புறம்?" என்பார்கள்.
அப்புறம் அடுத்த படகு.

எதிரே பெரிய கம்பெனியின் டிராகன்,
இரண்டு மாடி உயரம்.
கால்மணிக்கொருமுறை உறுமிப் புகை கக்கும்.
அதைப் பார்க்க நிற்கும் வரிசை வளைந்து வந்து
என் மேசையில் முதுகு சாய்க்கும்.
ஒருவனின் அட்டைக் கோடாரி
என் காப்பியைக் கவிழ்த்தது.
முதல் நாள் கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள்
நாற்பத்தொரு பேர்.
விளையாடியவர்கள் ஒன்பது.
எண்ணாமல் இருந்திருக்கலாம்.

வெளியீட்டு நிறுவனத்துப் பெண்மணி
ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தாள்.
"மீன் பிடிக்கலாமா இதில்?"
"முடியாது."
"மீன் இப்போது நன்றாகப் போகிறது."
நாலாம் நிமிடத்தில் இருவருமே
எழுந்துகொள்ள ஒரு சாக்குத் தேடினோம்.
டிராகன் உறுமியது.
காது கேட்கவில்லை என்று சைகை காட்டிப்
பிரிந்தோம்.

இரண்டாம் நாள் பிற்பகல்
டிராகன் கம்பெனியின் கறுப்புச் சட்டையில்
ராடோமிர் வந்தான்.
என் முதல் இரண்டு வருஷத்தில் பாதி அவன்.
மனைவிக்கு ஏழாம் மாதம், வாடகை வேறு என்று
ஒரு மார்ச்சில் போனவன்.
அன்று வாழ்த்துத்தான் சொன்னேன்.
சொன்ன விதம்
இருவருக்கும் நினைவிருந்தது.

"உட்காரலாமா?"
ஹெட்போனை மாட்டினான்.
படகு. பின்கதவு. நீர்.
விரல் அப்படியே நின்றது.
"என் குளியல் தொட்டி," என்றான்,
"இன்னுமா வைத்திருக்கிறாய்?"

பிட்கோஷ்ச், மூன்றாம் மாடி, நள்ளிரவு.
மைக்கைப் பலூனுக்குள் திணித்து முடிச்சுப் போட்டுத்
தொட்டியை நிரப்பினோம், வடித்தோம், நிரப்பினோம்.
கீழ்வீட்டு பெலாகியா அம்மாள்
துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தாள்.
அந்த இடியும் பதிவில் இருக்கிறது.
மதகின் இரும்பு என்று
எல்லோரும் நம்புகிறார்கள்.

"வேறு சத்தம் வாங்கக் காசில்லை" என்றேன்.
பொய்.
பதினெட்டு ஸ்லோட்டி கொடுத்தால்
ஒரு நல்ல வெள்ளமே கிடைக்கும்.

பதினொரு படகு அனுப்பினான்.
இடுப்பில் வாக்கிடாக்கி அவனைத் திட்டிக்கொண்டே இருந்தது.
ஒரு படகை மட்டும்
நடுநீரில் நிறுத்திவைத்து
எழுந்தான்.

போகிறவன் திரும்பி, டிராகனைத் தாடையால் காட்டி,
"அந்த உறுமல் எதுவென்று தெரிகிறதா?"
தெரியவில்லை.
"தொட்டி வடியும் கடைசி நொடி.
எட்டு மடங்கு மெதுவாக.
யாரிடமும் சொல்லிவிடாதே, அதில் பாதி உன்னுடையது."
மகளின் பெயரைக் கேட்க வாயெடுத்தேன்.
வரிசை அவனை விழுங்கிவிட்டது.

கால்மணி ஆனது.
இரண்டு நாளாக நான் சபித்த சத்தம்
கூரை வரை எழுந்து
தொண்டையில் ஒருமுறை சுழித்து
அடங்கியது.
ஆமாம், கடைசியில் அந்தச் சுழிப்பு.
நாங்கள் முட்டிபோட்டுக் காத்திருந்த சுழிப்பு.

"சனியன் பிடித்த டிராகன்" என்றான் ஓல்கியெர்ட்,
"பிளக்கைக் கொஞ்சம் விடு,
தேனீக்கள் சாகின்றன."
விட்டேன்.
என் திரை மங்கியது.
அட்டைக் கோடாரிக்காரன் குனிந்து கேட்டான்,
கழிப்பறை எங்கே என்று அல்ல,
அந்தப் படகு ஏன் நடுவில் நிற்கிறது என்று.