பதினேழாம் கேள்வி

பேர்ன் நகரம், பெப்ரவரி.
பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
ட்ராம் கம்பியில் பனி உருகிச் சொட்டுகிறது.
இருபத்திரண்டு கேள்விகளைத் தமிழாக்க
நான்கு நாள் கொடுத்தார்கள்.
பதினாறு, முதல்நாளே முடிந்தது.

பதினேழு கேட்கிறது:
உங்களை வருத்தும் ஒன்றை
நீங்களாகவே, வேண்டுமென்றே,
தேடிப் போவதுண்டா?
ஒரு படம், ஒரு குரல், ஓர் இடம், ஒரு மணம்.

அதில் ஒரு சொல் தமிழுக்கு வரமாட்டேன் என்றது.
ஆங்கிலத்திடம் ஜெர்மன் கடன் வாங்கியது;
துப்பாக்கியின் விசை என்பது முதற்பொருள்.
எங்கள் ஆட்களிடம்
துப்பாக்கியை நீட்டிக் கேள்வி கேட்க முடியாது.
'தூண்டல்' என்று எழுதினேன்.
எழுதியபின் அது சும்மா இருக்கவில்லை.
ஒரு பக்கம் தூண்டில்:
புழுவும் முள்ளும் கிழிந்த வாயும்.
மறுபக்கம் தூண்டுகோல்:
எண்ணெய் இருக்கும்போதே மங்கும் திரியை
நுனி கருக
மேலே தள்ளிவிடும் சின்னக் குச்சி.

ஆய்வை நடத்தும் ரெகுலா ஆம்ஷ்டுட்ஸ்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்.
"எது என்றுதான்
நாங்களும் தேடுகிறோம்" என்றாள்.

புதன்கிழமை எமிலியானுஸ் வந்தார்.
பேசாலைக்காரர். ஹோட்டல் சலவைக்கூடத்தில்
பத்தொன்பது வருடம்.
கண்ணாடி கொண்டுவரவில்லை என்றதால்
நான் வாசித்தேன்.
பதினேழில் சிரித்தார்.

"வியாழன் நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவன்.
ஆரையும் பார்க்க இல்லை.
அஞ்சாம் மாடி, கோப்பி மெஷினுக்குப் பக்கத்துக் கதிரை.
சுவரில கை துடைக்கிற மருந்து இருக்கும்,
அமத்தி, உள்ளங்கையில எடுத்து
மணந்து பார்ப்பன்.
யசிந்தாவின்ர கடைசிக் கிழமை முழுக்க
அந்த மணந்தான்."

ஏன் என்பதற்கு ஏழு விடைகள் அச்சடித்திருந்தோம்.
உணர்வு மரத்துப்போகாதிருக்க.
என்னை நானே தண்டிக்க.
இன்னும் வலிக்கிறதா என்று பார்க்க.
ஒவ்வொன்றையும்,
சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்போல்
பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நான் போகாட்டி அது வருகுது, பிள்ளை.
பஸ்ஸில, கடையில, ஆரோ கை துடைக்கேக்க.
போனால் வியாழன் மட்டுந்தான்."

பிறகு, தேநீர்க் கோப்பையின் விளிம்பைத் தடவியபடி:
"டொக்டர் அண்டைக்கு டொச்சில என்னவோ கேட்டவர்.
நான் யா எண்டு தலையாட்டினன்.
எதுக்கு ஆட்டினன்?
அந்தக் கதிரையில இருந்தால்
ஒருநாள் விளங்கும்."

ரெகுலாவுக்கு அதை ஜெர்மனில் சொன்னேன்.
அவள் ஏழுக்குக் கீழே
இன்னொரு கட்டம் வரைந்தாள்.
அதற்கு என்ன பெயர் என்று
என்னையே கேட்டாள்.

ஆறின புண்ணைக் கிளறாதே என்பார்கள் எங்களில்.
ஆறியதை
யார் வந்து அறிவிப்பார்கள்?

என் மேசை இழுப்பறையில் ஒரு பற்றுச்சீட்டு.
தொலைபேசி மொழிபெயர்ப்பு, பன்னிரண்டு நிமிடம்,
முப்பத்தெட்டு பிராங்க்.
ஒரு முனையில் மருத்துவர்,
மறுமுனையில் சூரிச்சில் ஒரு தாய்.
அவர் சொன்னது: இல்லை, இன்றிரவுதான்.
நான் சொன்னது: கொஞ்சம் கஷ்டம், அம்மா.
அந்தக் கொஞ்சத்தை நம்பி
அவள் வீட்டுக்குத் தூங்கப் போனாள்.

கெட்ட நாள்களில் அதைத் தொடுவதில்லை.
மகனின் கணக்குப் பாடம் முடிந்து,
பாத்திரம் கழுவி, நாளைய சாப்பாடும் கட்டிவைத்து,
எல்லாம் சரியாக இருக்கும் இரவில்தான்
எடுக்கிறேன்.
பன்னிரண்டு நிமிடம்.
எந்த நிமிடத்தில் என்று மட்டும்
அதில் எழுதியில்லை.

பங்கேற்பாளர் பட்டியலில் நான் இல்லை.
மொழிபெயர்ப்பவளுக்கு இலக்கம் தருவதில்லை.

நேற்று தமிழ்ப்படியை அனுப்பிவிட்டேன்.
பதினேழில் எழுத்துப்பிழை இருக்குமோ என்று
திரும்பத் திறந்தேன்.
மூன்று முறை. பிழை இல்லை.

நாலாம் முறையும் திறந்தேன்.