ஒன்பது சதவீதம்

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து
ஒரு சந்து உள்ளே தள்ளி என் கடை.
பலகையில் மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன்.
டேபிள் ஃபேனை இப்போது யாரும் கொண்டுவருவதில்லை.
அழிக்க இன்னும் பெயின்ட் வாங்கவில்லை.

பதினேழு வருஷமாய்
எரிந்த வார்னிஷ் வாசத்தில்தான் மதியச் சாப்பாடு.
எந்தக் கம்பெனி ஆர்மேச்சர்
எத்தனையாவது தீபாவளிக்குக் கருகும் என்று
திருகைக் கழற்றாமலே சொல்வேன்.
இந்த ஊர் மசாலா லேசுப்பட்டதல்ல.
கல்பாசியும் மராட்டி மொக்கும் விரலி மஞ்சளும்
காய்ந்தபடி ஜாரில் விழுந்தால்
விளம்பரத்தில் சிரிக்கிற மோட்டார்
மூன்றாம் நிமிஷம் அழும்.

இதையே எழுதிப் போடுங்க மச்சான் என்று
அடைக்கலராஜ் ஒரே ராத்திரியில்
தளம் கட்டித் தந்தான்.
நிலைக்கால் இல்லை, நல்ல நேரம் பார்க்கவில்லை,
வருஷ வாடகை எண்ணூற்றுச் சொச்சம்.
மிக்ஸியின் பெயருக்கு அடியில் ஒரு நீல வரி.
அதைத் தொட்டு உள்ளே போய் யாராவது வாங்கினால்
கடைக்காரன் எனக்குத் தரகு தருவானாம்.

எங்களுக்குத் தரகு தெரியாததா?
மாட்டுக்கு, மனைக்கு, மாப்பிள்ளைக்கு.
ஆனால் அங்கே துண்டுக்குள் விரல் பிடித்து
விலை பேசலாம்.
இங்கே துண்டும் இல்லை, விரலும் இல்லை.

முதல் மாதம் நாற்பத்தொரு தடவை தொட்டிருக்கிறார்கள்.
அதில் முப்பது, என் மனைவி லூர்து.
சொந்தக்காரங்க வாங்கினா கணக்குல வராதாம்
என்றதும் விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் தரகுப் பட்டியலைப் பார்த்தேன்.
ஒன்பது சதவீதம் தருகிறது ஒரு மிக்ஸி.
தலையைத் தூக்கினால்
அதே மிக்ஸி, மேசைமேல் மூன்று,
வயிறு திறந்து கிடக்கின்றன.
ஒன்று கோட்டையூர் டீச்சருடையது,
உத்தரவாதம் முடிந்து ஆறாம் நாள் கருகியது.

மூன்று சதவீதம் தருவது
சாம்பல் நிறம், கனம், அழகென்று எதுவுமில்லை.
என் மேசைக்கு வந்ததே கிடையாது.
ஒரு தடவை வந்தது,
அதுவும் உள்ளே கரண்டியைப் போட்டு ஓட்டியது.

கணக்கு நேராகத்தான் நிற்கிறது:
ஒன்பதை எழுதினால் தரகும் வரும்,
இரண்டு வருஷத்தில் ரிப்பேரும் வரும்.
மூன்றை எழுதினால்
இரண்டு கதவும் பாதி சாத்திக்கொள்ளும்.

ராத்திரி பதினொன்றரை வரை
ஒன்பதின் நல்ல குணங்களை எழுதினேன்.
மூடி இறுக்கம். நிறம் நான்கு.
சத்தம் குறைவு.
அது உண்மைதான், செத்ததற்குச் சத்தம் ஏது.
எனக்கே சிரிப்பு வந்தது.
சிரித்து முடித்து, எல்லாவற்றையும் அழித்தேன்.

இப்போது தளத்தின் முதல் வரி இது:
நீலத்தைத் தொட்டு நீங்கள் வாங்கினால்
எனக்குச் சில்லறை வரும்.
உங்களுக்கு விலை ஏறாது.
நான் ரிப்பேர்காரன்,
அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

வாசல்லயே யாராச்சும் கையை நீட்டுவாங்களா
என்று அடைக்கலராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.
நீட்டுற கை தெரியட்டும்டா என்றேன்.

நாலாம் மாதம் ஒரு வியாழன்,
ஊறிய கவுணி அரிசியை வடித்துக்கொண்டிருக்கையில்
போன் அதிர்ந்தது.
பதினோரு ரூபாய் அறுபத்திரண்டு பைசா.
மிக்ஸிக்கு இல்லை.
என் வரியைத் தொட்டு நுழைந்த யாரோ
மிக்ஸியை விட்டுவிட்டு
குழந்தைச் செருப்பு வாங்கியிருக்கிறார், இரண்டு ஜோடி.
இருபத்துநாலு மணி நேரம்
என்னை நினைவில் வைத்திருக்குமாம் அந்தக் கடை.

இரட்டைப் பிள்ளைகளா?
ஒன்று தொலையும் என்ற முன்யோசனையா?
ஊரும் பேரும் அறிக்கையில் இல்லை.
ஆயிரம் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும்.
இன்னும் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு ரூபாய்
முப்பத்தெட்டு பைசா.

சாயங்காலம் டீச்சர் வந்தார்.
ஆர்மேச்சர் மாற்றிய கூலியைத் தந்துவிட்டு,
அடுத்து வாங்குனா எதை வாங்கலாம் என்றார்.
சாம்பல் நிறத்தைச் சொன்னேன்.
பஸ் ஸ்டாண்டுகிட்டக் கிடைக்குமா?
கிடைக்கும் டீச்சர்.
அங்கே எனக்குத் தரகு இல்லை.

அவர் போனதும் போனைத் திறந்தேன்.
செருப்பு அனுப்பப்பட்டுவிட்டது.
திருப்பிக் கொடுத்தால் கழித்துவிடுவார்களாம்.
அளவு சரியாக இருக்க வேண்டும்
அந்தக் கால்களுக்கு.