அறை எண் ஏழு

என் பிழைப்பே கேள்வி கேட்பதுதான்.
பெயர், ஊர், எத்தனை நாள்,
வந்த நோக்கம்.
மண்டபம் ரயிலடிக்கு எதிரே
பன்னிரண்டு அறைகளுக்கும் ஒரே பேரேடு.
யாயெல் பென்கர், மும்பை, கடற்பாசி
என்று எழுதிக்கொண்டு சாவியைத் தள்ளினேன்.
முகம் பார்த்த நினைவில்லை.

பங்குனிப் பௌர்ணமி.
வடகடல் ரோட்டுச் சுவர்வரை ஏறியிருந்தது.
ஏழாம் அறைக்குள் பேச்சுச் சத்தம்.
நின்று கேட்டேன். ஒரே குரல்தான்,
எதையோ கேட்கிறது,
கொஞ்சம் பொறுத்து அதுவே பதில் சொல்கிறது.
தட்டினேன்.
"யார்கூடப் பேசுறீங்க?"

"வந்துட்டீங்களா!" என்று சிரித்தாள்.
"கேட்க ஆளில்லாம
நானே கேட்டுக்கிட்டிருந்தேன்."

இந்த ராத்திரி கேள்வி இல்லாமல்
அவர்களுக்குச் சாப்பாடு கிடையாதாம்.
வீட்டில் கடைக்குட்டி கேட்கும்.
பிள்ளை இல்லாவிட்டால் மனைவி.
யாருமே இல்லையா, தன்னைத்தானே.
எல்லாம் படித்த பண்டிதர் இருவர் எதிரெதிரே உட்கார்ந்தாலும்
தெரியாதவர்போல ஒருவரையொருவர்
கேட்டே ஆகவேண்டுமாம்.

மேஜையில் புளிக்காத மாவு ரொட்டி,
ஒரு கொத்து வேப்பங்கொழுந்து,
டம்ளரில் கடல்தண்ணீர்.
"இது எதுக்கு?"
"நல்லாக் கேட்டீங்க. இன்னொண்ணு கேளுங்க."
"கடல்தண்ணிய யாராவது குடிப்பாங்களா?"
"அழுதவங்க குடிச்சிருக்காங்க."

அடிமையாக இருந்தோம் என்றாள்,
போன வாரம்தான் விடுதலையானவள்போல.
அடிமை ஏன் என்று கேட்டுவிட முடியுமா?

என்னிடம் ஒன்று இருந்தது,
பதினோரு வருசமாக.
மீன்துறை ஆபீசில்
'கையெழுத்துப் போடு, கேள்வி கேக்காத' என்றார்கள்.
கோயிலில் ஆண்டவர் சித்தம் என்றார்கள்.
அதற்கப்புறம் அதை வெளியே எடுக்கவில்லை.
அன்றைக்கு எடுத்தேன்.
"காத்தில்ல, அலையில்ல. டீசல் ரொம்பியிருந்துச்சு.
என் தம்பி சந்தியாகு ஏன் திரும்பல?"

அவள் பதில் சொல்லவில்லை.
அதற்கு நன்றி சொல்லத் தோன்றியது.

ரொட்டியை ஒடித்தபடி, மெல்ல:
அவர்கள் ஏடுகளில்
தீராத கேள்வியின் முடிவில் ஒரு சொல் இருக்கிறதாம்,
தேய்க்கு.
நிற்கட்டும் என்று அர்த்தம்.
அடிக்க மாட்டார்கள், அழிக்க மாட்டார்கள்.
நூறு நூறு வருசமாக
அங்கேயே நிற்கிறதாம், மையில்.

கொழுந்தை உப்புத்தண்ணீரில் தோய்த்து நீட்டினாள்.
கசப்பு. பின்னாலேயே கரிப்பு.

விடியக் காலையில் ரயில் வந்தது.
பை தூக்கிய ஒருவர் மேஜைக்கு முன்னால்.
"வந்த நோக்கம்?"
பேனாவைக் கீழே வைத்துவிட்டு
அவர் முகத்தைப் பார்த்தேன்.
"சும்மா" என்றார்.

"சும்மான்னா?"